குதிரை தின்ற மாட்டுப் பொங்கல்

எங்கள் தோட்டத்தில் தேயிலை நட்ட இடமெல்லாம் மலைதான். கோயில் மலை, ஆற்று மலை, பழைய மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையோரமாகத் தட்டையாய்க் கிடந்த புல்வெளிக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது, அதைப் புல்லுமலை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பந்தை வைத்தால் உருளாது அந்த மலையில். அங்கேதான் தோட்டத்தை நிர்வகித்த துரையின் குதிரையும், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் மாடுகளும் ஒன்றாக மேய்ந்தன. குதிரையைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். மாடுகளில் ஒன்று என்னுடையது.

குதிரையையும் மாட்டையும் ஒரே வேலிக்குள் விட்டு மேய்க்கிற வழக்கம் வேறு தோட்டங்களில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் வந்த விதம் இதுதான். நுவரெலியாவில் பந்தயம் ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்ட ஒரு பெட்டைக் குதிரையைத் துரை வாங்கி வந்தார். ஜீப் ஒன்று நின்றது அவருக்கு. ஆனாலும் காலையில் பிரட்டுக்களத்துக்குக் குதிரையில் வந்து, நாங்கள் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பதை மேலே இருந்து பார்த்தால்தான் துரை என்று நினைத்தாரோ என்னவோ, ஆசைப்பட்டு வாங்கினார். அது வந்த நாளிலிருந்து தனியாக நிற்கமாட்டேன் என்று கனைத்தது. முள்ளுக்கம்பி ஓரமாக மேலும் கீழும் ஓடி நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. புல்லில் வாய் வைக்கவில்லை. பத்துக் குதிரையோடு லாயத்தில் நின்று பழகியது, துணை இல்லாமல் செத்துப்போகும் என்று வீட்டுக்காரர் சொன்னார். இன்னொரு குதிரைக்கு எங்கே போவது? எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டார். ஒரு பகல் முழுக்க இரண்டும் தள்ளித் தள்ளி நின்று ஒன்றையொன்று பார்த்து மூச்சு விட்டன. மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் மேய்ந்தன. துரை வந்து பார்த்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்றார்.

அந்த ஒரு சொல்லில் லயத்துக்கே விடிவு பிறந்தது. எங்கள் மாட்டுக்குப் பின்னாலேயே எட்டொன்பது வீட்டு மாடுகள் உள்ளே போயின. கொம்பு நுனியை அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் துரை போட்ட கட்டளை. அறுத்துவிட்டோம். அதுவரைக்கும் மாடு வைத்திருப்பவள் பாடு என்னவென்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, நிறுவையும் முடிந்து, பிறகு தேயிலைத் தூருக்கு இடையில் ஓடி ஓடிப் புல் அறுக்க வேண்டும். கங்காணி கண்டால் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு புல்லுக்கட்டைச் சுமந்து லயத்துக்கு வந்தால், அந்தப் புல் மாட்டின் ஒரு கன்னத்துக்குக் காணாது. இப்போது காலையில் ஓட்டிவிட்டால் பொழுது சாயும்போது வயிறு முட்டத் தின்று தானே படலடிக்கு வந்து நின்றது.

குதிரை அவற்றுக்கு நடுவில் பெரிய வீட்டு மருமகள் மாதிரி இருந்தது. நிழல் வேண்டுமென்றால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வரும், மாடுகள் எழுந்து வழிவிடும். உப்புக்கல் வைத்தால் முதலில் அதுதான் நக்கும். மாடு ஒன்றும் சொல்லாது. நகர்ந்து நின்று அசைபோடும். எங்களுக்கும் அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது, எங்கள் பிழைப்பும் அப்படித்தானே என்று.

அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி வாரத்தில் பாதி நாளுக்குக் காணாது. பாண் வாங்க விடியுமுன்னே பேக்கரியில் வரிசை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று வாய் நாறிப்போனது. மலைகளில் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள், எழுப்பினால் எழும்பச் சத்து இருக்காது. என் கடைக்குட்டிக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. முடி செம்பட்டையாகிப்போனது. அழக்கூட மாட்டாள், உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பார்த்துவிட்டு, இதற்கு என்னிடம் மருந்து கிடையாது, பால் குடுங்க, பால் மட்டும் நிறுத்தாதீங்க என்றார். அவர் வேதக்காரர், நல்ல மனுசன், பொய் சொல்லத் தெரியாதவர்.

பால் எங்களிடம் இருந்தது. புல்லுமலைப் புல் தின்று எங்கள் பசு கறந்த பாலில் பாதியைக் கிளாக்கர் வீட்டுக்குக் கொடுத்து மாவு வாங்குவேன், மீதி முழுக்க அவளுக்கு. ஒரு மாதத்தில் கால் வீக்கம் வற்றத் தொடங்கியது. ஒரு நாள் என் சேலையைப் பிடித்து இழுத்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் அழுதேன். இந்தப் புல்லுமலைக்கு மட்டும் ஒன்றும் வந்துவிடக்கூடாது மாரியாத்தா என்று தினமும் கும்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

வந்தது. தை மாதத்தில், மாட்டுப் பொங்கல் அன்று வந்தது.

அந்த வருசம் பொங்கல் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். மனுசனுக்கே இல்லை, மாட்டுக்கு எங்கே என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மாடுகள் இல்லையென்றால் இந்த வருசம் லயத்தில் எத்தனை பிள்ளைகளைக் குழிக்குள் வைத்திருப்போம் என்று சத்தம் போட்டேன். கடைசியில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று கூட்டினோம். அது அண்டாவின் அடியைக்கூட மறைக்கவில்லை. பல்லேபொல பக்கத்து நெல் மில்லிலிருந்து ஒருவர் இரண்டு சாக்குத் தவிடு கொண்டுவந்திருந்தார். குரக்கன் மாவு கொஞ்சம், கித்துள் கருப்பட்டி கொஞ்சம், எல்லாவற்றையும் போட்டுக் கிண்டினோம். அரிசிப் பொங்கல் என்று சொன்னால் சிரிப்பார்கள், அது தவிட்டுப் பொங்கல். ஆனால் வாசம் வந்தபோது பெரியவர்களே எச்சில் விழுங்கினார்கள்.

மாடுகளைக் குளிப்பாட்டி, அறுத்த கொம்புக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டோம். குதிரையை மட்டும் வெறும் கழுத்தோடு விட மனம் வரவில்லை. ஒரே புல்லைத் தின்கிற சீவன், அதுவும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கும் ஒரு மாலை போட்டோம். என் வீட்டுக்காரர் அன்று அங்கே இல்லை. துரை கொழும்புக்குப் போயிருந்தார், குதிரைக்குக் கொள்ளு வாங்கி வரச் சொல்லி இவரைத் தோட்டத்து லொறியில் மாத்தளைக்கு அனுப்பியிருந்தார்கள். இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பொங்கலை வாழை இலையில் சாமிக்குப் படைத்துவிட்டு, மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டினோம். நீளமான மரத்தொட்டி. மாடுகள் வந்து வாய் வைத்தன. குதிரை மூலையில் இருந்து வந்தது. காதை மடக்கியது, பல்லைக் காட்டியது, ஒன்றைக் கடித்தது, ஒன்றைப் பின்னங்காலால் உதைத்தது. மாடுகள் வழக்கம்போல நகர்ந்துவிட்டன. தொட்டியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் அது மட்டும் தின்றது.

யாரும் விரட்டவில்லை. அதுதான் எங்கள் வழக்கம். மாட்டுப் பொங்கலில் வாய் வைத்த சீவனை அன்றைக்கு விரட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. நாய் வந்து நக்கினாலும் சும்மா விட்டுவிடுவோம், அதுவும் வயிறு குளிரட்டும் என்று. சாதாரண நாளில் வேறு வீட்டு மாடு தவிட்டில் வாய் வைத்தால் மூங்கில் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், அன்று கும்பலாக நின்று கைகட்டிப் பார்த்தோம். கிழவர் ஒருவர் லெட்சுமி சாப்பிடுது, விடுங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். துரையின் குதிரை எங்கள் பொங்கலைத் தின்றது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டி காலியாவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உச்சிப்பொழுது தாண்டியதும் குதிரை முன்னங்காலால் மண்ணைத் தோண்டத் தொடங்கியது. பிறகு கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டியது. வேர்த்து, முதுகிலிருந்து ஆவி வந்தது. குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது பின்னால்தான் வர வேண்டும், வயிற்று நோவு வந்தால் படுக்க விடக்கூடாது, உருண்டால் குடல் முறுக்கிச் செத்துப்போகும் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் பாதிக் காதில்தான் கேட்டிருந்தேன். அன்று ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் போட்டேன். அதற்குள் அது முன்னங்காலை மடக்கிவிட்டது.

நான்கு பேர் கூடித் தூக்கினோம், தள்ளினோம், வாலைப் பிடித்து இழுத்தோம். எழுந்தது. நடத்தத் தொடங்கினேன். புல்லுமலையைச் சுற்றிச் சுற்றி நடத்தினேன். நின்றால் படுக்கப் பார்க்கும். படுக்கப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் சத்தம் போட்டு அடிப்பார்கள். விரட்டக்கூடாது என்று காலையில் கைகட்டி நின்றவர்கள்தான். கழுத்தில் மாலை அப்படியே கிடந்தது, கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. நடந்துகொண்டே அதைத் திட்டினேன். அடி மூதேவி, பெத்த பிள்ளை பசியோட பாத்துக்கிட்டு நிக்க உன்னைத் திங்க விட்டோமே, செத்துத் தொலைஞ்சிராதடி, எங்களையும் சேத்துக் கொன்னுறாதடி என்று. திட்டினேனா கெஞ்சினேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. குதிரை செத்தால் வீட்டுக்காரருக்கு வேலை போகும். அது போனால் போகட்டும், மலைக்குப் போய்த் தேயிலைக் கவ்வாத்து வெட்டுவார். மாடுகளைப் புல்லுமலையை விட்டு இறக்கிவிடுவார்களே. பால் நின்றுபோனால் என் பிள்ளையை எதைக் கொடுத்து நிறுத்திவைப்பேன்? அந்த ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரிய கிளாக்கர் மாத்தளைக்கு டெலிபோன் பண்ணிப் பார்த்தார். மாட்டு டாக்டர் லக்கல பக்கம் போயிருக்கிறார், மாடுகளுக்கு ஏதோ நோயாம், எப்போது வருவார் என்று தெரியாது என்று பதில் வந்தது. டிஸ்பென்சர் ஐயாவிடம் ஓடினார்கள். அவர் வேலிக்கு வெளியே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“நான் மனுசனுக்குத்தான்மா மருந்து குடுக்கிறவன். நான் குடுத்து இது செத்துச்சுன்னா நானும் போக வேண்டியதுதான்.”

“குடுக்காம செத்தா என் பிள்ளை போயிருங்க ஐயா.”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பிப் போனார். போனவர் பேதி உப்பையும், மனுசர்களுக்கு மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற எண்ணெய்ப் போத்தல்கள் இருந்தவை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். அதே நேரத்தில்தான் லொறியும் வந்தது. என் வீட்டுக்காரர் கொள்ளு மூட்டையை இறக்கக்கூட இல்லை, குதித்து ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூங்கில் குழாயை வெட்டிக் கொண்டுவரச் சொல்லி, தலையைத் தூக்கிப் பிடித்து, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விட்டார். அது விழுங்குகிறதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்துப் பார்த்து விட்டார். பிறகு மறுபடியும் நடை.

மாடுகள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தன. எங்கள் பசு மட்டும் குதிரை சுற்றி வரும்போதெல்லாம் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து நின்றது.

பொழுது இறங்குகிற நேரத்தில் குதிரை நின்றது. வாலைத் தூக்கியது. இரண்டு உருண்டை லத்தி விழுந்தது. பிறகு மடமடவென்று கொட்டியது. லயமே கைதட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். கிழவர் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்றால் பாருங்கள். டிஸ்பென்சர் ஐயா சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்கு ஓடி, பால் கறக்கச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தேன். பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது.

ஆனால் அதோடு விடவில்லை. மறுநாள் குதிரையின் குளம்பு கொதித்தது. நெருப்பில் நிற்கிற மாதிரிக் காலை மாற்றி மாற்றி வைத்தது. வீட்டுக்காரர் அதை ஓடையில் இறக்கிக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி வைத்தார். துரை கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது அவர் ஆசைப்பட்டு வாங்கிய குதிரை முழங்கால் தண்ணீரில் தலை தொங்கி நின்றது. கிளாக்கர் நடந்ததைச் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் கரையில் கைகட்டி நின்றோம்.

துரை கத்தவில்லை. அவரும் இந்த நாட்டுக்காரர்தான், எங்கள் பேச்சு நன்றாகப் பேசுவார். என் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இனிமேல் புல்லுமலைக்குள் பொங்கல் வைக்கமாட்டோம், தொட்டியை எடுத்துவிடுகிறோம், ஒரு பிடி தவிடுகூட உள்ளே வராது, பொறுப்பு என்னுடையது என்று. துரை குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

“மாடு இருந்தாத்தானே மாட்டுப் பொங்கல்? மாடு வேணாம்.”

அவ்வளவுதான். குதிரையைக் காப்பாற்றினால் புல்லுமலையைக் காப்பாற்றலாம் என்று உயிரைக் கொடுத்து நடந்தோம். குதிரை பிழைத்தது. அடுத்த நாளே மாடுகளை வெளியே இறக்கிவிட்டோம். குதிரை தனியாக நின்று கனைக்காமல் இருக்கத் துரை எங்கிருந்தோ இரண்டு ஆடு வாங்கிப் பக்கத்தில் கட்டினார்.

அதன் பிறகு தை வெயில், மாசி வெயில். தேயிலைக்குள் புல் அறுத்தவளைப் பிடித்து அன்றைய பேரை வெட்டி, கூலியை நிறுத்தினார்கள். லயத்துக்குப் பின்னால் கட்டிக் கிடந்த பசு எலும்பு தெரிய நின்றது. முதலில் கிளாக்கர் வீட்டுப் பால் நின்றது, அதோடு மாவும் நின்றது. பிறகு ஒரு செம்பு அரைச் செம்பானது. பிறகு மடியைப் பிடித்தால் அது என்னைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். பிள்ளைக்கு அரிசி கழுவின தண்ணியைக் காய்ச்சிக் கொடுத்தேன். கால் மறுபடி வீங்கியது. அவள் பிழைத்தாள், இல்லையென்று சொல்லமாட்டேன். டிஸ்பென்சர் ஐயா தன் வீட்டுப் பால்மா டின்னை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் கால் எலும்பு வளைந்தது வளைந்ததுதான். இன்றைக்கும் அவள் நடந்து வருவதைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுவேன்.

பலாபத்வலையிலிருந்து மாடு வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி, நானா ஒருவர் வந்தார். எங்கள் பக்கமெல்லாம் அவருக்குப் பழக்கம். பசுவின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். என் முகத்தையும் பார்த்திருப்பார் போல.

“வெட்டுக்கு இல்ல தங்கச்சி. புல்லு இருக்கிற எடத்துக்குத்தான் கொண்டு போறேன்.”

நிசமோ பொய்யோ, அந்த வார்த்தைக்காக அவர் நல்லா இருக்கட்டும். மற்ற வீட்டு மாடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று கட்டுத்தறியிலேயே விழுந்து செத்தது.

சில மாதம் கழித்துக் குதிரை இளைக்கத் தொடங்கியது. மயிர் குத்திட்டு நின்றது, வயிறு மட்டும் தொங்கியது. புல்லுமலையோ பார்க்கச் சகிக்கவில்லை. பாதி இடம் மொட்டையடித்த மாதிரி, பாதி இடம் இடுப்பளவு புல். மாத்தளையிலிருந்து மாட்டு டாக்டர் இந்தத் தடவை வந்தார். சுற்றிப் பார்த்தார். குதிரை தன் லத்தி விழுந்த இடத்தில் மேயாது, அந்தப் புல்லை மாடு தின்னும், குதிரை வயிற்றுப் புழு மாட்டு வயிற்றுக்குள் போனால் அந்தப் புழு செத்துவிடும், சேர்ந்து மேய்ந்தால் இரண்டுக்கும் நல்லது, முன்னே இங்கே மாடு மேய்ந்ததாமே, மறுபடி விடுங்கள் என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நாளைக்கே மாடுகளைக் கொண்டு வந்து விடச் சொன்னார், தாராளமாக, ஒரு வரம் கொடுக்கிறவர் மாதிரி. இவர் மாடு இல்லை என்றார். ஒன்றுகூடவா என்று துரை கேட்டாராம். ஒன்றுகூட இல்லை என்று இவர் சொன்னாராம். அப்படியானால் பொம்பளை ஆள் இரண்டு பேரைப் போட்டு அந்தப் புல்லை அறுக்கச் சொல் என்றாராம்.

அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. மாடு செய்துகொண்டிருந்த வேலைக்கு எனக்குப் பேர் போட்டார்கள். புல்லறுவாளை எடுத்துக்கொண்டு புல்லுமலைக்குள் இறங்கினேன். லத்தி கிடந்த இடத்தைச் சுற்றி நின்ற புல் அடியில் வெள்ளையாக, ஒடித்தால் பால் மாதிரிச் சாறு விடுகிற பசும்புல். மலைமலையாக அறுத்துக் குவித்தோம். கை நிற்கவில்லை, நின்றால் பேர் போகும். பொழுது சாய்ந்ததும் கங்காணியிடம் இதை எங்கே போடுவது என்று கேட்டேன்.

“குதிரை தொடாது. எரிச்சிருங்க.”

பச்சைப் புல் எரியுமா? எரியாது என்றேன். ஸ்டோருக்கு ஆள் அனுப்பி ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எடுத்துத் தந்தான். லயத்தில் அந்தக் கிழமை முழுக்க ஒரு வீட்டிலும் விளக்குக்கு எண்ணெய் இல்லை. நான் அதைக் குவியல் மேலே ஊற்றினேன், தீக்குச்சி கிழித்துப் போட்டேன், அது பிடிக்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.